டைம் கீப்பர் வளர்த்த நாய்

வாங்கண்ணா, வாங்க. செருப்ப அங்கயே உட்டுட்டு வந்துருங்க. பயப்படாதீங்க, கடிக்காது. அது பாக்கற பார்வைதான் அப்படி. கண்ணக் கொட்டாது. பொண்ணு பாக்க வந்த மாமியாக்காரி மாதிரி தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு தரம் பாக்கும். பாத்து முடிச்சுட்டா உங்கள எங்க வெக்கறதுன்னு அதுவே முடிவு பண்ணிக்கும். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், சரி, அங்கயே உக்காருங்க. எப்படியும் சித்த நேரத்துல இந்தப் பக்கம் வந்துருவீங்க.

தீவனக் கடை செங்கோடன் உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பான். நல்ல ஜாதி நாய், ஆடு மேய்க்கற நாய், சும்மாவே குடுக்கறாங்க, போய்ப் புடிச்சுக்குங்கன்னு. அவன் சொல்லாதத நான் சொல்லிப்போடறேன். நாளைக்கு வெள்ளகோயில்ல இருந்து நீங்க போன் போட்டுத் திட்டக் கூடாதில்லைங்க.

என்ற பேரு திருமலைசாமி. போக்குவரத்துக் கழகத்துல டைம் கீப்பர். முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டுல நின்னவன். வண்டி வந்தா நேரம் எழுதோணும், நேரம் ஆச்சுன்னா விசிலடிச்சுக் கெளப்பி உடோணும். அவ்வளவுதான் வேல. ஆனா அதுல ஒரு இது இருக்குதுங்கண்ணா. டீ குடிச்சுட்டு இருக்கற டிரைவர், வெத்தல போட்டுட்டு இருக்கற கண்டக்டர், உள்ள எம்பது சனம், எல்லாம் நம்ம ஒரு ஊதலுக்கு நகரும். ரிட்டையர்டு ஆன மறுநாள் காலைல பல்லு வெளக்கிட்டு வந்து ஹால்ல நிக்கறேன், நகர்த்தறதுக்கு ஒண்ணையும் காணம். வசந்தாமணி மட்டும்தான் இருந்தா. வசந்தாமணி என்ற சம்சாரம்.

அவ ஊர்ல இல்லைங்க. காங்கேயத்துல பொண்ணு ஊட்டுக்குப் போயிருக்கறா. மாப்ளைக்கு அங்க அரிசி ஆலை. அது இருக்கட்டும், நாய் கதைக்கு வர்றேன்.

செல்போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. ஏதோ வெளிநாடு. ஒரு கெழவன் மேட்டுல நின்னுட்டு விசிலடிக்கறான். கீழ இந்த மாதிரி ஒரு கருப்பு வெள்ள நாய் இருநூறு ஆட்ட ஒரே மந்தையா மடக்கிக் கொண்டாந்து பட்டிக்குள்ள உடுது. நான் அத எத்தன தரம் பாத்தேன்னு நெனைக்கறீங்க? வசந்தாமணி கிட்ட காட்டினேன். "ஆட்டுக்கு எங்க போறதுங்க?"ன்னு கேட்டா. அவளுக்கு எப்பவும் இப்படித்தான், ஒண்ணு சந்தோசமாச் சொன்னா குறுக்க ஒரு கேள்வி.

அப்பறம் குன்னூர்ல ஒரு எஸ்டேட்காரர் ஊட்டக் காலி பண்ணிட்டு மகன்கிட்டப் போறாருன்னு கேள்விப்பட்டேன். அவர்கிட்ட இருவது ஆடும் இந்த நாயும் இருந்துச்சு. ஆட்ட வித்துட்டாரு, நாய நான் வாங்கியாந்தேன். இங்கிலீசுல என்னமோ பேரு வெச்சிருந்தாரு, என்ற வாயில நொழையல. ரைட்டுன்னு பேரு வெச்சேன். பொட்ட நாய்க்கு ரைட்டா பேருன்னு பொண்ணு சிரிச்சா. சிரிக்கட்டும். வரும்போது அவரு ரெண்டு விசில் பழக்கம் சொல்லிக் குடுத்தாரு. நீட்டமா ஒண்ணு அடிச்சாப் படுத்துக்கும். குட்டையா ரெண்டு அடிச்சா ஓடிப் போய் மடக்கும். இத ஞாபகம் வெச்சுக்குங்க, உங்களுக்கு வேணும். எனக்குத்தான் வேணுங்கற நேரத்துல ஞாபகம் வரல.

வந்த மொத வாரம் காம்பவுண்டச் சுத்தி ரெண்டு ரவுண்டு நடத்திக் கூட்டியாந்தேன். நாப்பத்தெட்டு ஊடு இருக்கற காம்பவுண்டு, ரெண்டு ரவுண்டு நமக்கே மூச்சு வாங்குது, நாய்க்குப் போதும்னு நெனச்சேன். அது ஊட்டுக்கு வந்து சோபாவக் கடிச்சே ஒரு ரவுண்டு முடிச்சுருச்சு. அப்பறம் காலைல ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம். பத்தல. நம்ம ஊர் வெயில் வேற அதுக்கு ஆகாது, இத்தாச்சோடு நீளத்துக்கு முடி, பாருங்க. மத்தியானம் தரையில தண்ணி தெளிச்சு ஈரத் துண்டு விரிச்சு வெப்பேன். தெனம் சீப்பு போடோணும். சீவற முடியில வருஷத்துக்கு ரெண்டு தலகாணி அடைக்கலாம். எனக்கு நான் தல சீவி எத்தன நாளாச்சோ, அதுக்கு ஒரு நாள் தவறினதில்ல.

நாய் டாக்டரம்மாகிட்டக் கொண்டு போனேன். அந்தம்மா பாத்துட்டு, "சார், இது உழைக்கறதுக்குன்னே பொறந்த ஜாதி. கால் ஓஞ்சாப் பத்தாது, மூளைக்கும் வேல வேணும். நீங்க வேல குடுக்கலைன்னா அதுவே ஒரு வேலையப் புடிச்சுக்கும். அது உங்களுக்குப் புடிக்காது"ன்னாங்க. நான் தலையாட்டிட்டு இருக்கறேன், பக்கத்துல வசந்தாமணி விழுந்து விழுந்து சிரிக்கறா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அதுல சிரிக்க என்ன இருக்குதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலைங்கண்ணா.

அது புடிச்ச வேலையச் சொல்றேன், கேளுங்க. எங்க மொட்டமாடில எட்டு போட்டிருக்குது. எட்டு நடைக்கு. தெக்கால இருந்து வடக்கால பாத்துப் பதினஞ்சு நிமிசம், அப்பறம் திரும்பி நடந்து பதினஞ்சு நிமிசம். சர்க்கரை கொறையும், முட்டி வலி போகும்னு சொல்றாங்க. பெயிண்ட் வாங்கி முட்டி போட்டு அந்த எட்டப் போட்டது நான்தான், அதுல எனக்கு முட்டி வலி வந்தது தனிக் கதை. நான் அசோசியேசன் செக்ரெட்டரி. யாரும் நிக்காத எலெக்சன்ல ஜெயிச்சவன். காலைல அஞ்சரைக்கு நடை ஆரம்பம். செல்போன் கொண்டாரக் கூடாது. பேச்சு கூடாது. பதினஞ்சாவது நிமிசம் நான் விசிலடிப்பேன், எல்லாரும் திரும்போணும். அரை மணி ஆனதும் நீட்டமா ஒண்ணு அடிச்சாத்தான் கலையோணும். நெனச்சுப் பாருங்க, ஒம்பது பேரு, அத்தன பேரும் ரிட்டையர்டு, எப்படி நடப்பாங்கங்கறீங்க!

ரைட்டு ரெண்டு நாள் மூலையில படுத்துட்டு இதப் பாத்துச்சு. ஒம்பது உருப்படி சுத்திச் சுத்தி வருது, கூட நாய் இல்ல. அதுக்குப் பொறுக்குமுங்களா? மூணாவது நாள் வேலைல சேந்துருச்சு. கோட்ட உட்டு ஒருத்தர் தண்ணி குடிக்க நகந்தாப் போதும், வயிறு தரையில படற மாதிரி பதுங்கி ஓடி முன்னால போய் நின்னு ஒரு பார்வை. மனுசன் தன்னாலே கோட்டுக்குள்ள போயிருவாரு. கடிக்கறதில்ல, கொரைக்கறதில்ல. ஒரு வாரம் எல்லாருக்கும் சந்தோசம். ஒழுங்கு வந்துருச்சுன்னாங்க. எனக்குத் தல கால் புரியல.

அடுத்த வாரம் ஒரு நாள் மேல நின்னு பாக்கறேன், கீழ பி பிளாக்குல எவனோ பைக்கக் கோணலா நிறுத்தியிருக்கான். மனசு கேக்குமுங்களா? எறங்கிப் போனேன். அவன் ஊட்டுக் கதவத் தட்டி, எழுப்பி, நிறுத்தறது எப்படின்னு சொல்லி, நிறுத்த வெச்சுப் பாத்தேன். அதுக்குள்ள மணி ஆறு பத்து. ஆறு பத்து எனக்குக் காப்பி நேரம். ஊட்டுக்கு வந்துட்டேன். காப்பி குடிச்சேன், பேப்பர் படிச்சேன். ஏழு இருவதுக்கு நாலாவது மாடி சிதம்பரநாதன் சம்சாரம் வந்து, "அண்ணா, அவரு இன்னும் எறங்கி வரலீங்க"ன்னாங்க.

ஓடினேன். ஒம்பது பேரும் நடந்துட்டு இருக்கறாங்கண்ணா. ஒண்ணே முக்கா மணி நேரத்துக்கு மேல. சட்டையெல்லாம் ஒட்டிப் போய், வாயத் தொறந்துட்டு, அந்த எட்டுக்குள்ளயே. இது சுத்திச் சுத்தி ஓடிட்டு இருக்குது, மூஞ்சில அப்படி ஒரு நிம்மதி. விசில் எங்க? என்ற கழுத்துல. ஒரு நீட்டு நீட்டினதும் இது படுத்துச்சு, சிதம்பரநாதனும் கூடவே படுத்துட்டாரு. பேங்க்ல மேனேஜரா இருந்த மனுசன், சர்க்கரை எறங்கிப் போச்சு. வெல்லத் தண்ணி குடுத்து உக்கார வெச்சோம். நல்லாத்தான் இருக்கறாரு இப்ப. ஏனுங்க, ஒம்பது பேரு இருக்கறீங்க, ஒரு நாயத் தாண்டி வர முடியலையான்னு கேட்டேன். அவரு மெதுவாச் சொல்றாரு: "நாங்க நாய்க்குப் பயப்படலைங்க. செக்ரெட்டரி புதுசா ஏதோ ரூல் போட்டிருக்கறாருன்னு நெனச்சோம்."

அன்னைக்கே கூட்டம் போட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள நாய் காம்பவுண்ட உட்டுப் போகோணும்னு தீர்மானம். செக்ரெட்டரிதான தீர்மானத்த எழுதோணும்? நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே நோட்டீஸ் போர்டுல ஒட்டினேன். மத்தியானம் வந்து பாத்தா ஒரு பக்கம் எறங்கி இருந்துச்சு, அதையும் நேரா ஒட்டிப்போட்டு வந்தேன்.

டீ குடிங்கண்ணா, ஆறுது. நான் போட்டதுதான். முன்ன இத உட மோசமா இருக்கும்.

அப்ப மாடி போச்சா, இதுக்கு வேல இல்லாமப் போச்சு. ஊட்டுக்குள்ள ஒரே உருப்படி, வசந்தாமணி. பிரிட்ஜ் கதவுல பாத்தீங்களா, அந்த அட்டை? நான் எழுதினது. காப்பி ஆறு பத்து, டிபன் எட்டே கால், சாப்பாடு ஒண்ணு அஞ்சு, டீ நாலு இருவது, ராத்திரிக்கு ஏழு அம்பது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், வயிறு அந்த நேரத்துக்குக் கரெக்டாக் கேக்கும். பத்து நிமிசம் முன்னால "வசந்தா"ன்னு ஹால்ல இருந்து ஒரு சத்தம் குடுப்பேன். அவ்வளவுதான், வேற ஒரு வார்த்த பேச மாட்டேன். அவளும் எந்திரிச்சுப் போயிருவா. இந்த நாய் அதப் பாத்துப் பழகிக்கிச்சு. நாலாவது நாள் நான் சத்தமே குடுக்கல, அதுவே போயி அவ முன்னால நின்னு பாக்குது. பெட்ரூம்ல இருந்தா ஹாலுக்கு, ஹால்ல இருந்து சமையலறைக்கு. தங்கச்சி கூட பால்கனில போன் பேசிட்டு இருந்தாலும் உடாது, மூக்குல குதிகாலத் தள்ளித் தள்ளிக் கொண்டு போய் அடுப்புக்கு முன்னால நிறுத்திட்டுத்தான் மறுவேல. ஒரு நிமிசம் பெசகாது. எனக்கு எத்தன பெருமை தெரியுமுங்களா! பொண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன், "கண்ணு, நாய் உங்கப்பன மாதிரியே டைம் கீப்பராயிருச்சு"ன்னு. அவ சிரிக்கல. "அம்மாகிட்டப் போனக் குடுங்க"ன்னா.

பாருங்க, பாருங்க. நீங்க வரும்போது கதவோரம் உக்காந்தீங்க. இப்ப உங்க முட்டி என்ற முட்டில இடிக்குது. நீங்களா நகந்தீங்களா? இல்லைன்னு தெரியும். அதான் அதோட வேல. சிதறி இருந்தா அதுக்கு ஆகாது.

வசந்தாமணி எதுக்குக் காங்கேயம் போனான்னு கேக்கறீங்க. நாயாலதான். வேற என்ன? ஊட்டுக்கார அம்மாவ நாய் ஓட்டிட்டுத் திரிஞ்சா யாருக்குப் பொறுக்கும்? ஒரு வெள்ளிக்கெழம, நாலு பத்து. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அவ பால்கனில உக்காந்து சும்மா வானத்தப் பாத்துட்டு இருக்கறா. இது போயி முன்னால நின்னுச்சு. எந்திரிக்கல. மூக்குல தள்ளுச்சு. எந்திரிக்கல. அப்பறம் அது தலையில கைய வெச்சு, "உனக்கு வேற வேல தெரியாது சாமி, நீ என்ன பண்ணுவ"ன்னா. எந்திரிச்சா. சமையலறைக்குப் போகல, பெட்ரூமுக்குப் போனா. வெளிய வரும்போது கையில பை.

நான் என்ன கேட்டேன் தெரியுமுங்களா? "டீ?"ன்னு கேட்டேன். கையில பையோட நிக்கறா, நான் டீ கேக்கறேன். மணி நாலு இருவத்தி ரெண்டு ஆகியிருந்துச்சு, அதான்.

"காங்கேயம் போறனுங்க"ன்னா.

"எப்ப வருவே?"

"தெரியலீங்க."

"தெரியலைன்னா எப்படி அம்மிணி? ஒரு நேரம் சொல்லிட்டுப் போகோணுமில்ல?"

"அதான் சொல்லாமப் போறேன்"னா.

நடக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஒம்பது பேர எட்டுக்குள்ள நிறுத்தின நாய் பக்கத்துல நிக்குது, இவ ஒருத்திய நிறுத்தாதா? விசிலெடுத்து ஊதிப்போட்டேன். நீட்டமா. நெஞ்சுல இருக்கற காத்தெல்லாம் உட்டு ஊதினேன். பஸ் ஸ்டாண்டுல நீட்டமா ஊதினா வண்டி நிக்கோணும், முப்பத்தோரு வருஷம் அதான் அர்த்தம். நாய்க்கு நீட்டமா ஊதினா என்ன? படுத்துக்கும். படுத்துருச்சு. நெலவாசல்ல குறுக்க, காத நீட்டி, அசையாம, பொட்டாட்டம். வசந்தாமணி சேலையத் தூக்கிப் புடிச்சுட்டு அதத் தாண்டிப் போயி லிப்டுல ஏறிட்டா. வராண்டாவுல அத்தன கதவும் தொறந்துருச்சு. எதுத்த ஊட்டுக் கொழந்த, "தாத்தா, பஸ் வந்துருச்சா?"ன்னு கேக்குது.

மூணு வாரம் ஆச்சுங்க. நாலு இருவதாவது ஒண்ணாவது. டீ எப்ப கொதிக்குதோ அப்பக் குடிக்கறேன். இது தெனம் நாலு பத்துக்கு பால்கனி சேருக்கு முன்னால போய் நிக்கும். சேரப் பாக்கும், என்னையப் பாக்கும். சமையலறைக்குப் போய்த் தேடிட்டுத் திரும்பி வரும். உருப்படி ஒண்ணு கொறஞ்சா அதுக்குச் சோறு எறங்காது. எனக்கும் எறங்கலதான். அழுகை கூட வந்துச்சு ஒரு நாள். நாய்க்கு முன்னால என்ன வெக்கம்னு அழுதுட்டேன்.

சரி, நம்ம கதையே பேசிட்டு இருக்கறேன். உங்க காட்டச் சொல்லுங்க. எத்தன உருப்படி? அறுவதுங்களா! நல்லதாப் போச்சு. காலைல ஓட்டறது யாரு? யாருமில்லையா? எப்படிங்க? கொறங்காடா, மேய்ச்சலுக்குன்னே உட்ட காடா? சுத்தியும் கிளுவ முள்ளு வேலி, படலச் சாத்திட்டு வந்துட்டா முடிஞ்சுதா? மடக்கறதுக்கு, திருப்பறதுக்கு ஆள் வேண்டாமா? அதுகளே மேயுமா? பொழுதெறங்கினா அதுகளே படலுக்கிட்ட வந்து நிக்குமா? ஒருத்தரும் ஒரு சத்தங்கூட குடுக்காமயா?

அப்ப இது அங்க வந்து என்னங்க பண்றது?

தெரு நாயுங்க வேலி தாண்டி வந்து ஆட்டக் கடிக்குது, கொரைக்கறதுக்கு ஒரு நாய் வேணுமா? இது கொரைக்காதுங்கண்ணா. உங்க அறுவதையும் ஒரு மூலையில சேத்து வெச்சுட்டு மேய உடாம பாத்துட்டே இருக்கும். தின்னப் போற ஆட்டத் திங்க உடாது. உங்க ஆடெல்லாம் இளைச்சுப் போயிரும். பாவம் அதுகளும், பாவம் இதுவும்.

என்ன கேக்கறீங்க? நாயக் குடுக்கறதுக்கு வசந்தாமணி ஒத்துக்கிட்டாளான்னா? அது… நேத்து போன் பண்ணினேன். "நாளைக்கு ஆள் வர்றாங்க, நாயக் குடுத்துடறேன், நீ கெளம்பி வந்துரு"ன்னேன். வேணும்னே எத்தன மணிக்குன்னு கேக்கல, பாத்துக்குங்க. அந்தளவுக்குத் திருந்திட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அவளுக்குப் பின்னால ஆலை ஓடற சத்தம் கேக்குது. அப்பறம், "நாய எதுக்குங்க அனுப்பறீங்க? அது எனக்கு என்ன பண்ணுச்சு?"ன்னா.

"உன்னைய அடுப்படிக்கு ஓட்டிட்டே இருந்துச்சே?"

"அது இந்த வருஷம் வந்துச்சு. எனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாகுது"ன்னா. அப்பறம் சொன்னா, கோவமாச் சொல்லலீங்க, அதான் எனக்குப் பயமாப் போச்சு. "விசிலடிச்சா அந்த நாயாவது படுத்துக்குதுங்க. உங்கள நிறுத்தறதுக்கு நான் எத ஊதறது?"

போன வெச்சுட்டா.

ராத்திரியெல்லாம் அதயே நெனச்சுட்டுப் படுத்திருந்தேன். காலைல எந்திரிச்சு, நாயக் குடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்னு திரும்பியும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்ககிட்ட இத்தன நேரம் அதத்தான சொல்லிட்டு இருந்தேன், நாயாலதான், நாயாலதான்னு. சொல்லச் சொல்ல அது பொய்யின்னு எனக்கே கேக்குது. இந்த நாய்க்காவது டாக்டரம்மா மருந்து சொன்னாங்க, எனக்கு யாரு சொல்றது?

வேண்டாங்கண்ணா, நாய நான் குடுக்கல. இத்தன தூரம் வந்தீங்க, மன்னிச்சுக்குங்க. தீர்மானத்துக்கு என்ன பண்றதுன்னா, செக்ரெட்டரி வேலைய எழுதிக் குடுத்துட்டு சிதம்பரநாதன் கால்ல விழுந்தாவது கேட்டுக்கறேன். அது அப்பறம். இப்ப உங்ககிட்ட ஒரு உதவி. நீங்க காங்கேயம் வழியாத்தான போகோணும்? பஸ்ல நாய ஏத்த மாட்டாங்க, அந்த ரூலு எனக்கு நல்லாத் தெரியும். உங்க வண்டில எங்க ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போய் மாப்ள ஊட்டு வாசல்ல எறக்கி உட்டுருங்க. வான்னு கூப்பிட மாட்டேன். வாசல்ல நிப்பேன். அவ கதவத் தொறப்பாளா, அதுவே தெரியல. தொறந்தா என்ன பேசறதுன்னு அதுக்கு மேல தெரியல. பயமாத்தான் இருக்குது.

எத்தன மணிக்குக் கெளம்பறதுன்னா கேக்கறீங்க? அட, நீங்க டீயக் குடிங்க, நீங்க எப்பக் கெளம்பறீங்களோ அப்பக் கெளம்பலாம். ஆனா ஒண்ணு, அஞ்சு நாப்பதுக்குள்ள சிங்காநல்லூரத் தாண்டிட்டா, ஆபீசு உடற கூட்டத்துல மாட்டாம, பல்லடத்துக்கு ஆறு இருவதுக்கு…

பாத்தீங்களா? வாயத் தொறந்தா மணிதான் வருது. முன் சீட்டு எனக்கு வேண்டாங்கண்ணா. உக்காந்தா காங்கேயம் வரைக்கும் உங்கள ஓட்டிட்டே வருவேன். நான் பின்னால நாயோட உக்காந்துக்கறேன்.